வாங்கும் வேகத்துக்கு வாசிக்க முடியவில்லை: படிக்காத புத்தகங்களை எப்படிச் சமாளிப்பது?

ஈரோட்டு வாசகன்:

நண்பர்களுக்கு வணக்கம். வீட்டில் படிக்காத புத்தகங்கள் 400-ஐத் தொட்டுவிட்டன. நாவல், சிறுகதை, மொழிபெயர்ப்பு, வரலாறு, கட்டுரை எல்லாம் கலந்து கிடக்கின்றன. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி, ஆகஸ்டில் ஈரோடு, இடையிடையே முன்வெளியீட்டுத் திட்டங்கள் (அச்சாகும் முன்பே பணம் கட்டிக் கழிவு விலையில் வாங்குவது) என்று வரத்து நிற்பதே இல்லை. ஆண்டுக்கு ஏறக்குறைய 60 வருகிறது. இருப்பது ஓர் இரும்பு பீரோ, 3 அடி அகலத்தில் நான்கு தட்டு உள்ள மர ஷெல்ஃப் ஒன்று. மீதி கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டிகளில்.

தெரிய வேண்டியது இவை. பட்டியல் எப்படிப் போடுவது? பார்கோடு ஸ்கேன் செய்யும் செயலிகளில் தமிழ்ப் புத்தகம் பாதிக்கு மேல் சிக்குவதில்லை. எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுத்துவிடுவது? அடுத்து எதைப் படிப்பது என்று எப்படி முடிவெடுப்பது? "வாங்குவதை அடியோடு நிறுத்து" என்ற பதில் மட்டும் வேண்டாம். அதற்கு மனமும் இல்லை, அது சரி என்றும் தோன்றவில்லை.

பக்கக்கணக்கு:

400 என்ற எண்ணை முதலில் ஒதுக்கி வையுங்கள். 96 பக்கக் கவிதைத் தொகுப்பும் 900 பக்க நாவலும் அந்த எண்ணிக்கையில் ஒன்றுக்கு ஒன்று சமம். பக்கத்தில் கணக்குப் போட்டால்தான் நிலைமை புரியும்.

அலைபேசியில் 30 நிமிடம் அலாரம் வைத்து, வழக்கமாகப் படிக்கும் இடத்தில், வழக்கமாகப் படிக்கும் நேரத்தில் ஒரு நாவலைப் படியுங்கள். எத்தனை பக்கம் என்று குறியுங்கள். வேறொரு நாளில் வரலாறு அல்லது கட்டுரை நூலில் இதையே செய்யுங்கள். இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கும், சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 30 பக்கம், தினமும் 45 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 22 பக்கம், ஆண்டுக்கு 8,000. கல்யாணம், காய்ச்சல், ஊர்ப்பயணம் என்று கால் பங்கைக் கழித்தால் 6,000. புத்தகத்துக்குச் சராசரி 220 பக்கம் என்றால் ஆண்டுக்கு 27 புத்தகம்.

உங்களிடம் இருப்பது 88,000 பக்கம். இனி ஒன்றுகூட வாங்காவிட்டாலும் 14 ஆண்டுக்கு மேல் ஆகும். வாங்கும் 60-ஐச் சேர்த்தால் ஆண்டுக்கு 33 கூடிக்கொண்டே போகும். இதைப் பார்த்துச் சோர்ந்துவிட வேண்டாம். வாசிப்பை இரட்டிப்பாக்கினாலும் 54-தான் வரும், அதுவும் 60-ஐ எட்டாது. ஆகவே வேகமாகப் படிக்கும் பயிற்சி, "ஆண்டுக்கு 100 புத்தகம்" சவால் எல்லாம் இந்தக் குவியலுக்கு மருந்தில்லை. வரத்தைச் சீர்செய்வதும், இருப்பதை வகை பிரிப்பதும்தான் வேலை செய்யும்.

பட்டியலுக்கு ஒரு கூகுள் ஷீட் போதும். புத்தகத்தின் பார்கோடில் இருக்கும் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன், இந்திய நூல்களுக்கு 978-81 அல்லது 978-93 என்று தொடங்கும். பழைய தமிழ்ப் பதிப்புகளில் அந்த எண்ணே இருக்காது. எண் இருந்தாலும் செயலியின் தரவில் புத்தகம் இருக்காது, இருந்தால் தலைப்பு ஆங்கில எழுத்தில் ஏதோ ஒரு வடிவத்தில் கிடக்கும். அதனால் கையால் அடிப்பதே நல்லது. ஒவ்வொரு தட்டையும் முதுகு தெரியும்படி படம் எடுத்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்தில் படத்தைப் பெரிதாக்கி அடியுங்கள். 100 பக்கத்துக்குக் குறைந்த புத்தகங்களுக்கு முதுகில் எழுத்தே இருக்காது. அவற்றை மட்டும் தரையில் பரப்பி அட்டையைப் படம் எடுங்கள். அலைபேசியில் தமிழ்க் குரல் தட்டச்சு தலைப்புகளுக்கு நன்றாக உதவும், ஆட்பெயர்களைத் திருத்த வேண்டியிருக்கும். புத்தகத்துக்கு ஒரு நிமிடம் முதல் ஒன்றரை நிமிடம் பிடிக்கும். 40 புத்தகம் முடிந்ததும் எழுந்துவிடுங்கள். ஒரே மூச்சில் முடிக்கப் பார்த்தால் கடைசி நூறில் பக்க எண்ணும் பதிப்பகமும் விட்டுப்போகும்.

நிரல்கள்: தலைப்பு, ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், பதிப்பகம், பக்கம், வாங்கிய ஆண்டு, இருக்கும் இடம், நிலை (படித்தது, பாதியில், படிக்காதது), நிறுத்திய பக்கம், ஏன் வாங்கினேன். கடைசி நிரல்தான் உயிர். "இன்னாருடைய கட்டுரையில் படித்துவிட்டு", "தஞ்சாவூர்ப் பயணத்துக்கு முன் படிக்க" என்று ஒரு வரி போதும். இரண்டு ஆண்டு கழித்து எந்தப் புத்தகத்துக்கு இந்த வரியை எழுத முடியவில்லையோ, அதுதான் கொடுத்துவிடத் தக்கது.

ஆசிரியர் பெயரில் கவனம் வேண்டும். முதலெழுத்துக்குப் பின் ஒருமுறை இடைவெளி விட்டும் ஒருமுறை விடாமலும் அடித்தால் தேடும்போது ஒருவரே இரண்டு ஆளாகிவிடுவார். பெயரை முதலில், முதலெழுத்தைப் பின்னால் போட்டு ஒரே முறையைக் கடைசிவரை பின்பற்றுங்கள். கடையில் நிற்கும்போது "இது நம்மிடம் இருக்கிறதா" என்று தேடிப் பார்க்கத்தான் இந்தப் பட்டியல் அதிகம் பயன்படும்.

சிறுகதை வாசகர்களுக்குத் தனியாக ஒன்று. ஒரே எழுத்தாளரின் தனித்தொகுப்புகள் நான்கு, "தேர்ந்தெடுத்த கதைகள்" ஒன்று, "முழுத் தொகுப்பு" ஒன்று என்று வைத்திருப்பவர்கள் நிறைய. உள்ளடக்கப் பக்கங்களை ஒப்பிட்டால் முழுத் தொகுப்பில் மற்ற ஐந்தும் அடங்கியிருக்கும். நாட்டுடைமையான நூல்களை, அதாவது அரசு உரிமையைப் பெற்று யாரும் அச்சிடலாம் என்று பொதுவாக்கியவற்றை, நான்கைந்து பதிப்பகங்கள் வெவ்வேறு அட்டையில் போடுவதால் இந்த இரட்டிப்பு இன்னும் கூடும். பட்டியல் முடிந்ததும் ஆசிரியர் வாரியாக வரிசைப்படுத்திப் பாருங்கள், குவியல் அங்கேயே கொஞ்சம் இறங்கும்.

நூலகப்பணி:

மேலே உள்ள கணக்கு சரி. ஆனால் அது 400-ஐயும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிக்க வேண்டியவையாக எடுத்துக்கொள்கிறது. அப்படி இல்லை. வீட்டு நூலகத்தில் மூன்று வகை உண்டு: வாசிக்க, புரட்ட, பாதுகாக்க. அகராதி, கல்வெட்டுத் தொகுதி, கடிதத் தொகுப்பு, உரையோடு கூடிய இலக்கியப் பதிப்பு, சமையல், மருத்துவக் கையேடு, ஓர் ஆசிரியரின் முழுத் தொகுதிகள் எல்லாம் புரட்டுவதற்கானவை. அவற்றைப் "படிக்காதவை" என்று எண்ணுவதே தப்பு. தேவைப்படும்போது கைக்கு எட்டினால் அவை தம் வேலையைச் செய்துவிட்டன. சிறுபத்திரிகை இதழ்கள், ஊர் வரலாறு, விழா மலர்கள், மறுபதிப்பு வராத பழைய நூல்கள் பாதுகாக்க வேண்டியவை. இந்த இரண்டையும் ஷீட்டில் நிலை மாற்றிவிட்டு, மீதியை மட்டும் எண்ணிப் பாருங்கள்.

ஷெல்ஃப் முன்னால் நின்றுகொண்டு பிரிக்காதீர்கள். அங்கே நின்றால் எல்லாமே வேண்டும் என்றுதான் தோன்றும். 40 புத்தகத்தை மேசைக்கு எடுத்து வாருங்கள். ஒவ்வொன்றிலும் பின்னட்டை, உள்ளடக்கம், முதல் மூன்று பக்கம், நடுவில் எங்காவது இரண்டு பக்கம். புத்தகத்துக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வாசிக்க, புரட்ட, பாதுகாக்க, கொடுக்க என்று நான்கு அடுக்கு. முடிவு வராவிட்டால் "வாசிக்க" அடுக்கில் வைத்து ஷீட்டில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். அடுத்த முறை பிரிக்கும்போதும் அதே கேள்விக்குறி விழுந்தால் கொடுத்துவிடலாம்.

கொடுக்கும் அடுக்கிலும் இரண்டு வகை உண்டு. காலாவதியான போட்டித்தேர்வு வழிகாட்டி, பழைய கணினி நூல், பழைய சட்ட நூல் எதையும் நூலகத்துக்குக் கொண்டுவராதீர்கள். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. பழைய பிரிவு எண்களோடு உள்ள கையேட்டைப் படிக்கும் மாணவருக்கு அது கெடுதல்தான் செய்யும். அவை பழைய பேப்பர் கடைக்கு. மற்றவற்றை, தலைப்பு, ஆசிரியர், ஆண்டு உள்ள பட்டியலோடு கிளை நூலகரிடம் முதலில் காட்டுங்கள். மூட்டையாகக் கொண்டுபோய் இறக்கினால் அவருக்கு இடப் பிரச்சினை. பட்டியல் கொடுத்தால் வேண்டியதை அவரே குறித்துக் கொடுப்பார். அரசுப் பள்ளிகளுக்கு என்றால் வயதுக்கேற்ற நூலாக 30, 40 மட்டும். சிறைவாசிகளுக்காகச் சென்னைப் புத்தகக் காட்சியில் "கூண்டுக்குள் வானம்" என்ற அரங்கில் 2023-ல் புத்தகங்களை நன்கொடையாகப் பெற்றுக்கொண்டார்கள்; அப்படிப்பட்ட வாய்ப்பு வரும்போது நாவல்களும் தன்வரலாறுகளும் அங்கே நல்ல பயன் தரும். பழைய இதழ்கள், மலர்கள் கையில் இருந்தால் எடைக்குப் போடுவதற்கு முன் சென்னைத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திடம் கேட்டுவிடுங்கள்.

இனி அடுக்கும் முறை. டெம்மி அளவில் (பெரும்பாலான தமிழ் நாவல்கள் வரும் அளவு) 200 பக்கப் புத்தகத்தின் தடிமன் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். தாளைப் பொறுத்துக் கூடும் குறையும். 3 அடித் தட்டில் அதனால் 65 புத்தகம் பிடிக்கும். எடை 15 முதல் 20 கிலோ. மரத்தூள் பலகை என்றால் இந்த நீளத்தில் சில ஆண்டில் நடுவில் தொய்ந்துவிடும். நடுவே ஒரு தாங்கு கொடுங்கள். தட்டின் ஆழம் 12 அங்குலம் இருந்தால் டெம்மிப் புத்தகங்கள் முன்னும் பின்னும் இரண்டு வரிசை நிற்கும். பின்வரிசைக்கு அடியில் 4 அங்குல உயர மரக்கட்டை கொடுத்துத் தூக்கிவிட்டால் தலைப்பின் மேல்பாதியாவது தெரியும். படித்து முடித்தவை பின்வரிசையில், படிக்காதவை முன்வரிசையில். பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக இருக்கிறது: படித்த, பிடித்த புத்தகங்கள் கண்ணுக்கு நேராக நிற்கும், படிக்காதவை பெட்டிக்குள் இருக்கும். கண்ணில் படாத புத்தகத்தை யாரும் எடுத்துப் படிப்பதில்லை.

நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் நூலகங்களுக்கு வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காக்கச் சொல்கிறது. வீட்டில் அதற்கு வழி, இடக்குறி. பீரோ என்றால் "பீ", ஷெல்ஃப் என்றால் "ஷெ", பிறகு தட்டு எண். "ஷெ-2" என்று ஷீட்டில் இருந்தால் தேட அரை நிமிடம் போதும். முதுகில் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். பசை சில ஆண்டில் பழுப்பாகி அட்டையை வீணாக்கும். வெள்ளைத்தாளில் ஒரு பட்டை வெட்டி, வரிசை எண்ணைப் பென்சிலால் எழுதி, மேலே ஒரு சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும்படி உள்ளே செருகுங்கள். படித்து முடித்ததும் உருவிவிடலாம். பட்டை நீட்டிக்கொண்டிருக்கும் புத்தகமெல்லாம் பாக்கி என்பது தூரத்திலிருந்தே தெரியும். இரவல் கொடுப்பவர் என்றால் நூலகங்களில் ரகசியப் பக்கம் வைப்பதுபோல, எல்லாப் புத்தகத்திலும் ஒரே பக்கத்தில், 27 என்றால் 27-ல், பென்சிலால் அந்தப் புத்தகத்தின் வரிசை எண்ணைக் குறித்து வையுங்கள்.

ஈரோட்டு வாசகன்:

இரண்டு பேருக்கும் நன்றி. புரட்ட, பாதுகாக்க என்ற பிரிவு பெரிய தெளிவு. இன்னும் இரண்டு சந்தேகம். பெட்டியைத் திறந்தால் சில புத்தகங்களில் ஓட்டை, சிலவற்றில் அட்டை சுரண்டப்பட்டிருக்கிறது. வேப்பிலை போடலாமா, பாச்சை உருண்டை போடலாமா? அடுத்து, வாங்குவதற்கு நடைமுறையில் நிற்கக்கூடிய ஒரு விதி சொல்லுங்கள்.

பைண்டர்:

பெட்டிகளை இன்றே காலி செய்யுங்கள். அட்டைப்பெட்டி ஈரத்தை இழுக்கும், தரையோடு இருந்தால் கரையானுக்கும் வழி. இடம் கிடைக்கும்வரை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில், தரையிலிருந்து அரை அடி உயரத்தில் வைத்தாலும் தேவலை. ஆனால் ஈரப்பதத்தோடு மூடிவிடக் கூடாது. புத்தகங்களை நிழலில், மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் வைத்துவிட்டு மூடுங்கள். வெயிலில் காய வைக்காதீர்கள். தாள் மஞ்சளாகும், முதுகுப் பசை வெடிக்கும்.

சேதத்தைப் பார்த்தே யார் செய்தது என்று சொல்லிவிடலாம். அட்டையும் தாளின் மேற்பரப்பும் ஒழுங்கில்லாமல் சுரண்டப்பட்டிருந்தால் ராமபாணம், அதாவது வெள்ளி நிறத்தில் ஓடும் வால்பூச்சி. அதற்குப் பசையும் மாவுப்பொருளும் தீனி, ஈரமான இருட்டு வீடு. தாளைத் துளைத்துக்கொண்டு பல பக்கங்கள் தாண்டிப் போகும் சிறு வட்ட ஓட்டை என்றால் வண்டின் புழு. மண் கோடு தெரிந்தால் கரையான். அதற்குப் புத்தகத்தில் செய்ய ஒன்றுமில்லை, சுவரையும் தரையையும் கவனிக்க ஆள் கூப்பிட வேண்டும்.

புழு இருக்கும் புத்தகங்களை உடனே பிரித்துவிடுங்கள். ஒரு தாளின் மேல் உதறினால் மெல்லிய தூள் கொட்டுகிறதா என்று பாருங்கள். கொட்டினால் புழு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தை ஜிப் பையில் வைத்து, காற்றை முடிந்தமட்டும் அழுத்தி வெளியேற்றி, மூடி, ஃபிரிட்ஜின் ஃபிரீசரில், மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். ஒரு நாள் முழுக்க மூடியபடியே அறைவெப்பத்துக்கு வரட்டும். உடனே திறந்தால் குளிர்ந்த தாளில் நீர் கோத்துக்கொள்ளும், பூஞ்சை பிடிக்கும். தோல் அட்டை, கையெழுத்துப் பிரதி, ஆர்ட் பேப்பரில் படங்கள் உள்ள நூல்களுக்கு வீட்டில் இதைச் செய்ய வேண்டாம். பழைய புத்தகக் கடையில் வாங்கும் எதையும் அலமாரியில் சேர்க்கும் முன் இரண்டு வாரமாவது பையில் தனியே வைத்து, தூள் விழுகிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு புத்தகம் முழுத் தட்டையும் கெடுத்துவிடும்.

பாச்சை உருண்டை படுக்கையறையில் வேண்டாம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம். அந்த ஆவி உடம்புக்குக் கேடு, வாயில் போட்டுவிட்டால் ஆபத்து. வேப்பிலை என்றால் நன்றாக உலர்ந்தது, துணியில் முடிந்து தட்டின் மூலையில். பச்சை இலையைப் பக்கங்களுக்கு நடுவே வைப்பதால்தான் பல புத்தகங்களில் பழுப்புக் கறை இருக்கிறது. வசம்பு முடிப்பும் பலர் வைக்கிறார்கள். இவை பூச்சியை விலக்கிவைக்கத்தான் ஓரளவு உதவும், உள்ளே இருக்கும் புழுவைக் கொல்லாது. உண்மையான காப்பு, காற்றோட்டமும் தூசியில்லாமையும்தான். ஷெல்ஃபைச் சுவரிலிருந்து 2, 3 அங்குலம் தள்ளி வையுங்கள். குளியலறைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பரில் ஒருமுறை, மழை முடிந்து ஜனவரியில் ஒருமுறை எல்லாவற்றையும் இறக்கி, மூடிய புத்தகத்தை இறுகப் பிடித்து, உலர்ந்த ஒன்றரை அங்குலப் பெயின்ட் பிரஷ்ஷால் மேல்விளிம்பை முதுகுப் பக்கமிருந்து வெளிப்புறமாகத் துடையுங்கள். ஈரத்துணி கூடாது.

படிக்காமல் வைத்திருக்கும் புத்தகத்துக்கென்றே வரும் சிக்கல் ஒன்று உண்டு. இப்போதைய பெரும்பாலான பேப்பர்பேக் தைத்தது அல்ல, சூடான பசையில் ஒட்டியது. பத்து ஆண்டு சும்மா இருந்தால் பசை காய்ந்துவிடும். முதல்முறை திறந்து நடுவில் அமுக்கினீர்கள் என்றால் முதுகு இரண்டாகப் பிளக்கும். எனவே வாங்கிய அன்றே முதுகைப் பழக்கிவிடுங்கள்: புத்தகத்தை மேசையில் முதுகு படும்படி நிறுத்தி, முன்னாலிருந்து பத்துத் தாள், பின்னாலிருந்து பத்துத் தாள் என்று மாற்றி மாற்றி மெதுவாக அழுத்தி நடுவுக்கு வாருங்கள். அப்படியே பக்க எண்களையும் பார்த்துவிடலாம். அச்சகத்தில் 16 பக்க ஃபாரம் (ஒன்றாக அச்சிட்டு மடிக்கும் பக்கத்தொகுதி) ஒன்று விட்டுப்போயிருக்கலாம், ஒரே ஃபாரம் இரண்டுமுறை வந்திருக்கலாம், வெள்ளைப் பக்கம் இருக்கலாம். அந்த வாரமே சொன்னால் பதிப்பகம் மாற்றித் தரும். ஐந்து ஆண்டு கழித்து நாவலின் 161-ஆம் பக்கத்தில் அதைக் கண்டுபிடித்தால் அந்தப் பதிப்பே கையிருப்பில் இருக்காது. கண்ணாடித்தாள் சுற்றி வந்தாலும் பிரித்துப் பார்த்துவிடுங்கள்.

தாள் கழன்றிருந்தால் செலோடேப் ஒட்டாதீர்கள். ஃபெவிகாலை மெல்லிய பிரஷ்ஷால் தாளின் உள்விளிம்பில் ஒரு மில்லிமீட்டருக்குத் தடவி, சரியாக உள்ளே தள்ளி, மேலே கனம் வைத்து ஓர் இரவு விடுங்கள். முழுதும் கழன்றது என்றால் பைண்டிங் கடையில் பக்கத்தையல் போட்டுவிடலாம், ஆனால் உள் ஓரம் அரை அங்குலமாவது இருந்தால்தான். குறுகிய ஓரம் உள்ள புத்தகத்தில் தைத்தால் வரிகளின் ஓரத்து எழுத்துகள் மடிப்புக்குள் போய்விடும். உயரம் போதவில்லை என்று புத்தகத்தை முதுகு மேலே, திறக்கும் பக்கம் கீழே வரும்படி வைக்காதீர்கள். உள்தாள்களின் எடை முதுகிலிருந்து தொங்கும், சில மாதத்தில் அட்டை பிரிந்துவிடும்.

பதிப்புத்துறை:

வாங்கும் விதி பற்றி. "ஒன்று வாங்கினால் ஒன்று வெளியே" என்பது குவியலை அப்படியே வைத்திருக்கும், குறைக்காது. மூன்று படித்தால் ஒன்று வாங்கலாம் என்பது நடைமுறையில் நிற்கிறது. மேலே உள்ள கணக்குப்படி 27 படித்து 9 வாங்கினால் ஆண்டுக்கு 18 குறையும். ஆனால் இதைக் கண்ணை மூடிக்கொண்டு தமிழ்ப் புத்தகங்களுக்குப் பொருத்தினால் நஷ்டம் வரும், காரணம் எங்கள் அச்சு முறை.

முன்பு 1,000, 1,200 பிரதி அடிப்பது வழக்கம். இப்போது தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் பல நூல்கள் 100, 200 பிரதிகளாக வெளிவருகின்றன. சிறிய பதிப்பகம் அதை மீண்டும் அடிக்குமா என்பது அந்த முதல் நூறு எவ்வளவு சீக்கிரம் போகிறது என்பதைப் பொறுத்தது. மொழிபெயர்ப்பில் இன்னொரு சிக்கல்: மூலநூலின் உரிமை குறிப்பிட்ட ஆண்டுகளுக்கோ குறிப்பிட்ட பிரதிகளுக்கோதான் வாங்கப்படும். காலம் முடிந்து புதுப்பிக்காவிட்டால் புத்தகம் சந்தையிலிருந்து போய்விடும். ஆகவே சிறு பதிப்பகத்தின் முதல் பதிப்பு, உரிமை பெற்ற சமகால மொழிபெயர்ப்பு, ஆய்வு நூல், சிறப்பிதழ் ஆகியவற்றைக் கண்ட இடத்தில் வாங்குவதில் நியாயம் இருக்கிறது. மாறாக, பல பதிப்பகங்கள் போடும் நாட்டுடைமை நூல்கள், ஆண்டுதோறும் மறுபதிப்பு வரும் பிரபல நாவல்கள், சங்க இலக்கிய உரைகள் எங்கும் ஓடிவிடாது. படிக்கப் போகும் வாரத்தில் வாங்கினால் போதும். நீங்கள் வாங்கும் 60-ஐ இப்படிப் பிரித்துப் பாருங்கள். அவசரமானவை எவ்வளவு குறைவு என்பது தெரிந்துவிடும். மூன்றுக்கு ஒன்று என்ற விதியை இரண்டாம் வகைக்குக் கண்டிப்பாகவும், முதல் வகைக்குத் தளர்வாகவும் வையுங்கள்.

புத்தகக் காட்சியில் 10 சதவீதக் கழிவு என்பது வாங்குவதற்கான காரணமே அல்ல. பல பதிப்பகங்களும் கடைகளும் அதே கழிவை மற்ற மாதங்களிலும் தருகின்றன. காட்சிக்குப் போவது வேறு எங்கும் கண்ணில் படாத நூல்களைப் பார்ப்பதற்காக. முடிந்தால் இரண்டு நாளாகப் பிரியுங்கள். முதல் நாள் விலைப்பட்டியல்களை மட்டும் வாங்கிக்கொண்டு சுற்றுங்கள், பிடித்தவற்றை அலைபேசியில் படம் எடுங்கள். வீட்டில் ஷீட்டோடு ஒப்பிட்டு, இரட்டிப்பை நீக்கி, இரண்டாம் நாள் வாங்குங்கள். ஒரே நாள்தான் வாய்க்கும் என்றால் முதல் சுற்றில் சிறு பதிப்பக அரங்குகளை முடித்துவிடுங்கள்.

முன்வெளியீட்டுத் திட்டத்திலும் மொத்தத் தொகுப்பிலும் ஒரு கணக்கு போடுங்கள். 3,000 ரூபாய் மதிப்புள்ள 10 நூல்கள் 2,000-க்குக் கிடைக்கின்றன. அதில் நீங்கள் படிக்கப்போவது ஐந்து, அவற்றின் விலை 1,500 என்றால், தனியாக வாங்கினால் கழிவு போக 1,350. படிக்காத ஐந்துக்கு 650 ரூபாயும், தட்டில் இரண்டரை அங்குலமும் செலவு. ஆனால் எட்டைப் படிப்பீர்கள் என்றால் தொகுப்புதான் லாபம். பதிப்பகங்களுக்கு முன்பணம் மிகவும் தேவை என்பதையும் சொல்லியாக வேண்டும். பெரிய தொகுதி நூல்கள் பல இந்தப் பணத்தில்தான் அச்சேறுகின்றன. வேண்டிய நூல் என்றால் தயங்காமல் கட்டுங்கள்.

நெல்லை வாசகி:

அடுத்து எதைப் படிப்பது என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. 300 புத்தகத்திலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க முயன்றால் அன்றைய வாசிப்பு நேரமே அதில் போய்விடும். தேர்வை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மட்டும் செய்யுங்கள். எட்டுப் புத்தகத்தை எடுத்துப் படிக்கும் நாற்காலி பக்கத்தில் வையுங்கள். அந்த மூன்று மாதம் அலமாரிப் பக்கம் போக வேண்டாம். எட்டில் இரண்டு, ஷீட்டில் "வாங்கிய ஆண்டு" மிகப் பழையதாக உள்ளவை. இரண்டு 120 பக்கத்துக்குள். ஒன்று பெரிய நூல். மீதி மூன்று மனம் போனபடி. மனம் போனபடி என்பதை விட்டுவிட்டு எல்லாவற்றையும் விதியாக்கினால் இரண்டாவது மாதமே இந்த ஏற்பாடு நின்றுவிடும்.

பெரிய நூலுக்குத் தனி நேரம் கொடுங்கள். 900 பக்கம் என்றால் காலையில் 15 பக்கம், 60 நாள். அதைப் பேருந்துக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அதற்கு மெல்லிய புத்தகம். சிறுகதைத் தொகுப்பை ஒரே மூச்சில் முடிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு நாளைக்கு ஒரு கதைதான் அவற்றுக்கு நல்லது; மூன்றாவது கதைக்கு மேல் எல்லாம் ஒரே குரலாகக் கேட்கத் தொடங்கும். உள்ளடக்கப் பக்கத்தில் படித்த கதைக்கு நேரே பென்சிலால் ஒரு புள்ளி வைத்தால் போதும்.

எப்போது கைவிடுவது? பொதுவாக 50 பக்கம். ஆனால் வட்டார வழக்கு நாவலுக்கு இது பொருந்தாது. பழக்கமில்லாத கரிசல் பேச்சோ, ஈழத்துப் பேச்சோ, நாஞ்சில் பேச்சோ காதுக்குப் பிடிபடவே 30, 40 பக்கம் ஆகும். புரியாத சொல்லுக்கெல்லாம் அகராதியைத் தேடி நிறுத்தாமல், பேச்சு வரிகளை வாய்விட்டுப் படித்தால் சீக்கிரம் வசப்படும். அதற்கு 80 பக்கம் கொடுத்துவிட்டு முடிவெடுங்கள். மொழிபெயர்ப்பு ஓடவில்லை என்றால் குறை உங்களுடையதாக இல்லாமலும் இருக்கலாம். ஒரே நூலுக்கு இரண்டு மொழிபெயர்ப்பு இருக்கும்போது முதல் அத்தியாயத்தை நூலகத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

மின்நூல் பாக்கியையும் அதே ஷீட்டில் சேருங்கள், இடம் என்ற நிரலில் "கிண்டில்" என்று. இடம் அடைக்காததால் அதுதான் கண்ணுக்குத் தெரியாமல் பெருகும். அங்கே விதி சுலபம்: மாதிரிப் பக்கங்களை மட்டும் இறக்குங்கள், அது முடிந்த பிறகு வாங்குங்கள். நாட்டுடைமை நூல்களும் பழைய நூல்களும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டத்திலும் இலவசமாக இருக்கின்றன. அச்சில் வாங்கும் முன் அங்கே தேடிவிடுங்கள். பழைய நூல்களின் ஸ்கேன் கோப்பைச் சிறிய அலைபேசியில் படிப்பது கண்ணுக்குச் சிரமம். 8 அங்குலமாவது இருக்கும் டேப்லெட் வேண்டும்.

பாதியில் நின்ற புத்தகங்கள் எத்தனை இருக்கின்றன என்று நீங்கள் சொல்லவில்லை. அவற்றை எட்டில் சேர்க்காமல் தனியே வையுங்கள். நிறுத்தும்போதே ஒரு துண்டுத்தாளில் யார் யார், என்ன நடந்தது, எந்த இடத்தில் நிற்கிறது என்று நான்கு வரி எழுதி அந்தப் பக்கத்தில் செருகிவிட்டால், ஆறு மாதம் கழித்தும் முதல் பக்கத்துக்குப் போக வேண்டியதில்லை. ஏற்கெனவே குறிப்பில்லாமல் நின்றவற்றுக்கு, நிறுத்திய அத்தியாயத்துக்கு முந்தைய அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள்.